சுந்தரி அக்காவின் இசைத்தட்டு

சுந்தரி அக்காவின் குரலை அழித்தவள் நான்தான்! தட்டு பழசு என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேனே... அது பொய். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து காவான் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் நான் பொறியாளர். ஓய்வு நேரமெல்லாம் ஜார்ஜ்டவுன் வீட்டில் இசைத்தட்டுக் கருவிகளோடுதான் கழியும். ஊசியைத் தாங்கிச் செல்லும் கை, அந்நாளைய கருவிகள் சிலவற்றில் பன்னிரண்டு அங்குல நீளம் இருந்தது. இப்போதைய குட்டைக் கைகளைவிட அது பிசிறின்றிப் பாடும். அந்த நீளக் கையை மறுபடி செய்து விற்க வேண்டும் என்பது என் வெறி.

முதல் கை தயாரானதும் கோலாலம்பூரிலிருந்து ஒரு கடைக்காரர் அதன் ஒலியைக் கேட்டுப் பார்க்க வந்தார். அன்று காலையே எனக்குத் தெரிந்துவிட்டது: கை திரும்பும் இடத்திலிருந்த பேரிங் அவ்வப்போது இறுகியது. இறுகினால் ஊசி தட்டைக் கீறிவிடும். இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லவில்லை? வெட்கமா? பேராசையா?

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சுந்தரி அக்கா என் கருவியில் கேட்க ஒரு தட்டோடு வந்து நின்றார். இளமையில் அவர் பாடிய பாட்டு அதில் இருந்தது. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவருக்குப் பேச்சே காற்றாகத்தான் வரும்.

"இது ஒன்னுதாம்மா இருக்கு. ஒன்னும் ஆவாதுல்ல?"

"ஆவாது லா அக்கா. கொடுங்க."

எப்படிச் சொன்னேன் அதை...!

ஊசி இறங்கியது. ஓர் இளம்பெண்ணின் குரல் அறை முழுக்க எழுந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கடைக்காரர் கண்களை மூடிக்கொண்டார். எனக்கோ நிறுத்து, நிறுத்து என்று உள்ளே அடித்துக்கொண்டது. நிறுத்தவில்லை! சரணத்தில் கை இறுகியது. கர்ரென்று ஒரு சத்தம்... ஊசி தட்டை உழுதுவிட்டது.

"தட்டு பழசு லா அக்கா. வளைஞ்சி போயிருக்கு," என்றேன். யாரும் கேட்பதற்கு முன்பே!

அக்கா தட்டை வாங்கித் துப்பட்டாவால் துடைத்தார். "நான்தான் ஒழுங்கா வைக்கல போல," என்றார்.

கடைக்காரருக்குக் கேட்டவரை போதுமாயிருந்தது. விற்பனைக்குக் கைகள் வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே பேரிங்கைச் சரிசெய்தேன். அந்தப் பாட்டின் வேறொரு தட்டைத் தேடி, பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, தாசேக் கெலுகோர் வரை அலைந்தேன். கிடைக்கவில்லை. அக்கா கதவைத் தட்டும்போதெல்லாம் கருவியைத் துணி போட்டு மூடிவிட்டுத்தான் திறக்கிறேன்... தெரிந்துகொண்டாரோ? தெரிந்தும் பேசாமல் இருக்கிறாரோ?

நேற்று கை வாங்க வந்த இளைஞர் ஒருவர் தயங்கினார். இறந்துபோன அப்பாவின் பேச்சு பதிந்த தட்டு ஒன்று அவரிடம் இருக்கிறதாம்; ஊசி கீறிவிடுமோ என்று பயமாம். வாசலில் நின்ற அக்கா மூச்சைக் கூட்டிச் சொன்னார்:

"பயப்படாம வாங்குங்க தம்பி. இந்தப் பொண்ணு பொய் சொல்லாது."

இளைஞர் என் முகத்தைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார்.

நான்... தலையாட்டினேன்.