ஏலக்காய் மேஸ்திரி

சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டம். ஒரு பக்கத்துக்கு நான் மேஸ்திரி, மறுபக்கத்துக்கு அந்த ஆள். ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் ஏலக்காய். பார்த்தாலே எனக்கு எரியும். என்னிடம் பழம் வெட்டிய பெண்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் அவரிடம் புதிதாகச் சேர்ந்த பெண், பளபளக்கட்டுமென்று பழத்தின் மேலிருந்த வெள்ளைப் படிவைத் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். துடைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்று அந்தப் பழத்தை வியாபாரி தொடமாட்டார். ஏலக்காய் மேஸ்திரியின் முகம் சிவந்தது. ஓர் ஏலக்காயை வாயில் போட்டு, மென்று முடித்த பிறகுதான் பேசினார்.

"துடைக்காத, ஆத்தா. காம்பப் பிடிச்சுத் தூக்கு."

"ஏன்யா, உமக்குக் கோவமே வராதா?" என்றேன்.

"வராம என்ன? ஏலக்கா வாயில கெடக்குற வரைக்கும் பேசுறதில்ல."

நானும் அவர் வாங்கும் கடையிலேயே ஏலக்காய் வாங்கினேன். மென்றுகொண்டே திட்டினேன். மறுநாள் இன்னும் இரண்டு பேர் அவர் பக்கம் போய்விட்டார்கள்.