கை நனைக்காத வீடு

சின்ன காஞ்சிபுரத்தில் சுகாசினியைப் பற்றி விசாரித்தால், "அந்த ஆப்பிரிக்கா நர்சா?" என்பார்கள். ஆப்பிரிக்கா ஏதோ பக்கத்துத் தெரு போலவும், அவள் அங்கே கோடி வீட்டில் குடியிருப்பது போலவும் இருக்கும் அந்தப் பேச்சு.

அவள் இருப்பது மலாவி என்னும் சிறிய நாட்டில், செம்மண் சாலை முடிகிற இடத்தில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனையில். சம்பளம் கிடையாது. தங்க இடமும் சோறும் உண்டு. சபையார் ஜெபித்து வழியனுப்பியபோது அவளுக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. "நம்மூர்ல இல்லாத நோயாளியா அங்க இருக்காங்க?" என்று தாய் கங்கையம்மாள் அழுதாள். மகள் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அங்கே விடிந்தால் அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பிறகு வேதாகமத்தில் ஓர் அதிகாரம், தமிழில், வாய்விட்டு. அதோடு அன்றைய தமிழ் தீர்ந்தது. குழந்தைகளைத் தூளியில் தொங்கவிட்டு எடை பார்ப்பாள். சத்துக்கஞ்சி காய்ச்சி ஊற்றுவாள். மதியத்துக்கு மேல், தன் ஆங்கிலத்தை ஊர்மொழியில் சொல்லப் பேட்ரிக் என்ற சுகாதார ஊழியரைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடப்பாள். மிஷன் ஆள் வந்தால் பிரசங்கம் இருக்கும் என்று உட்கார்ந்தவர்கள் ஏமாந்தார்கள். அவள் கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள், கிளம்பும்போது சின்னதாய் ஒரு ஜெபம் செய்வாள்.

அப்படிப் போன இடத்தில்தான் மெர்சியைப் பார்த்தாள். நிறைமாதக் கர்ப்பிணி. முகமும் காலும் வீங்கியிருந்தன. தலை பிளக்கிறது என்றாள். ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. உடனே மருத்துவமனையில் சேர்க்காவிட்டால் இந்தமுறை தாயும் மிஞ்சமாட்டாள்.

மெர்சியின் மாமியார் பண்டா அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுத் தலையசைத்தாள். "சரி, முதலில் சாப்பிடுங்கள்" என்று பாய் விரித்தாள். சோளக்களியும் கீரையும் வந்தன. பண்டா அம்மாள் ஒரு ஜக்கும் பேசினுமாக வந்து சுகாசினியின் முன்னால் முழங்காலிட்டு அமர்ந்தாள்.

"கைய நீட்டுங்க சிஸ்டர், கழுவணும்" என்றார் பேட்ரிக்.

ஜக்கு சாய்ந்தது. சுகாசினியின் கைகள் இரண்டும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின. "வேணாம்!" என்றாள், தமிழில். கிழவியின் கையிலிருந்து ஜக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தானே ஊற்றிக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது பாயில் தட்டு இல்லை. மெர்சி எங்கும் வரமாட்டாள் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வழியில் பேட்ரிக் சொன்னார்: "விருந்தாளிக்குப் பெரியவங்களே மண்டி போட்டு ஊத்துறது எங்க ஊர்ல ரொம்பப் பெரிய மரியாதை. உன் கைத்தண்ணி எனக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

சிக்னல் கிடைக்கும் மரத்தடி வந்ததும் தம்பி ஜோசுவாவை அழைத்தாள். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"எங்கடா இருக்க?"

"பெருமாள் கோயில் ஸ்டாண்டுல ஈ ஓட்டிக்கினு இருக்கேன்கா. சவாரியே இல்ல. நீயாச்சும் வா, ரங்கசாமி குளம் வரைக்கும் இட்டுனு போறேன்."

நடந்ததைச் சொன்னாள். அவன், "தில்லையம்மா நெனப்பு வந்துச்சா?" என்று கேட்டான்.

பள்ளிக்கூடம் விட்டதும் அக்காளும் தம்பியும் பட்டு நெய்கிற குப்புசாமியின் வீட்டில் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றப் போவார்கள். தாகம் என்றால், வீட்டம்மாள் தில்லையம்மாள் வாசலில் நிற்கவைத்து, செம்பை உயரத் தூக்கி, ஏந்திய கைகளில் வார்ப்பாள். கெட்டவள் அல்ல. தீபாவளிக்குப் பாவாடை எடுத்துக் கொடுத்தவள்தான். டம்ளர் மட்டும் ஒருநாளும் கொடுத்ததில்லை. விவரம் தெரிந்த பிறகு சுகாசினி கையேந்துவதை விட்டுவிட்டாள். தொண்டை வறண்டாலும் வீடு வந்துதான் குடிப்பாள்.

"அந்தம்மா மண்டி போட்டுச்சுன்றியே, தில்லையம்மா என்னிக்காவது போட்டுச்சா?" என்றான் ஜோசுவா. "அவங்க கைத்தண்ணிய நீ தொடல. அப்ப அந்த ஊருக்கு நீதான்கா தில்லையம்மா!"

"வாய மூடுடா."

"மூடிக்கிறேன்பா. இன்னா கறி போட்டாங்க?"

"கீரை."

"த்தூ, கீரைக்கா இவ்ளோ சண்டை!"

எப்போதும் சிரித்துவிடுகிறவள் அன்று சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

"உள்ள விடமாட்டாங்க சிஸ்டர்" என்றார் பேட்ரிக்.

"விடலன்னா வாசல்ல இருக்கேன்."

பண்டா அம்மாள் வாசலில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சுகாசினி அவள் எதிரே மண்ணில் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். உள்ளே மெர்சி வலியில் முனகினாள். நீட்டிய கைகள் கடுக்க ஆரம்பித்தன. கிழவி சோளத்தை உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.

முனகல் இன்னொரு முறை கேட்டது. பண்டா அம்மாள் எழுந்து போய் ஜக்கை எடுத்து வந்தாள். இந்தமுறை மண்டியிடவில்லை. நின்றபடியே, உயரத்திலிருந்து ஊற்றினாள்.

சுகாசினி கையை இழுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் முழங்கைவரை வழிந்து மண்ணில் தெறித்தது. ஜக்கு காலியாகும்வரை அப்படியே இருந்தாள்.

ஆறிப்போன களி வந்தது. அவள் பிசைந்து உருட்டி வாயில் போடுவதைக் கிழவி நின்று பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில மருமகளுக்கு யார் ஆக்கிப் போடுவாங்கன்னு கேக்குறாங்க" என்றார் பேட்ரிக்.

"அவங்களையே வரச் சொல்லுங்க. அங்க அடுப்பு இருக்குது."

பண்டா அம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பானையும் மாவும் கட்டிய மூட்டையைத் தலையில் வைத்து, மெர்சியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள், இன்னும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த சுகாசினியைப் பார்த்துப் பேட்ரிக்கிடம் ஏதோ கத்தினாள்.

பேட்ரிக் சிரித்துவிட்டார். "அவசரம்னு சொன்னது இவதானே, இன்னும் என்ன தின்னுக்கிட்டு இருக்கான்னு கேக்குறாங்க சிஸ்டர்."