ஏழாவது வாரம்

ஒரு மனிதர் தவறி விழுந்தால், அவரோடு சேர்ந்து ஒரு தொலைக்காட்சித் தொடரும் நாற்பது பேரின் பிழைப்பும் விழுந்துவிடுமா? கீழ் வீட்டுக்காரர் போன வருடம் இதைக் கேட்டார். "இருக்கலாம் அண்ணே" என்று மழுப்பிவிட்டேன்.

அவருக்கு அறுபது நெருங்குகிறது. பஸ் டிப்போவில் உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்துபோய் ஒரு போல்ட் எடுத்து வருவதற்குள் மெக்கானிக்குகள் டீயே குடித்து முடித்துவிடுவார்கள். அதனால் அவருக்கு டிப்போவில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். அவர் கோபித்துக்கொள்வதில்லை. கோபப்படக்கூட முதுகு ஒத்துழைக்க வேண்டுமே!

முப்பது வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் மாடிக்கு மாடி பறந்த பச்சை முகமூடி வீரன் இந்த எக்ஸ்பிரஸ்தான் என்றால் அங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள். முகத்தைக் காட்டி வசனம் பேசியவர் வேறொருவர். முகமூடி ஏறியபின் குதித்தது இவர்.

குதிப்பவர் விழுவதற்குக் கீழே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்குவார்கள். ஒவ்வொரு பெட்டியின் மூலையையும் கத்தியால் கீறிவிட வேண்டும். அப்போதுதான் காற்று வெளியேறிப் பெட்டி நசுங்கும். கீறாத பெட்டி விறைத்துக்கொண்டு நிற்கும். வழக்கமாக அதை இவரே கீறுவார். ஆறாவது வாரத்துக்கான படப்பிடிப்பில் உடையின் முதுகுப்புறம் கிழிந்திருந்ததால், உள்ளே ஆளை வைத்தே தைத்து மூடிவிட்டார்கள். குனிய முடியவில்லை.

"எல்லாம் கீறியாச்சு, ஏறுப்பா, வெளிச்சம் போகுது" என்றார் படப்பிடிப்பு மேனேஜர்.

ஏறினார். குதித்தார். முதுகெலும்பில் இரண்டு இடங்களில் முறிவு.

ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜர் கால்மாட்டில் நின்றுகொண்டு, "தப்பா விழுந்துட்டியேப்பா. உன்னால தொடரே நின்னுபோச்சு. நாப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்குது" என்றார். இவர் அதை அப்படியே நம்பிவிட்டார். பெட்டிகளை யார் கீறினார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. நடக்க முடிந்ததும் வேறு ஊருக்கு வந்துவிட்டார். தொடரை ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் செல்போனை நீட்டினாள்.

"அப்பா, யாரோ பழைய டேப்பையெல்லாம் இன்டர்நெட்ல போட்டிருக்காங்க. உங்க தொடரும் இருக்கு."

"எனக்கு வேணாம்மா."

"ஒரே ஒரு தடவை பாருங்க. பிடிக்கலைன்னா நிறுத்திடறேன்."

மறுக்கவும் தெம்பில்லாமல் கட்டிலில் சாய்ந்துகொண்டார். துவைத்த துணியை மடித்தபடி மனைவியும் வந்து உட்கார்ந்தாள்.

"இதுவா நீங்க? முகமூடி போட்டா ஆளு நல்லாத்தான் இருக்கீங்க. கழட்டாமலே இருந்திருக்கலாம்."

"ஆமா, மார்க்கெட்டுக்கு அப்படியே அனுப்பியிருப்ப."

முதல் வாரத்தில் வீரன் ஒரு தண்ணீர்த் தொட்டியிலிருந்து பறந்தான். இடுப்பில் கட்டிய கயிறு பளிச்சென்று தெரிந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் உதடு கொஞ்சம் விரிந்தது. ஆறாவது வாரம் வந்ததும் தலையணையை இறுகப் பிடித்துக்கொண்டார். வீரன் மாடி விளிம்பிலிருந்து குதித்தான். அவன் அந்தரத்தில் இருக்கும்போதே காட்சி மாறிவிட்டது.

"அவ்வளவுதான்மா. இதோட முடிஞ்சுது. நிறுத்திடு."

"எங்கப்பா முடிஞ்சுது? ஏழு இருக்கே. எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு…"

"இருக்காது. நல்லாப் பாரு."

ஏழாவது வாரத்தில் அதே பச்சை உடை ஒரு பாலத்தின் மேல் ஓடியது. உள்ளே இருந்தவன் இவரைவிட ஒல்லி. கால் வைக்கும் விதமே வேறு.

"இது நான் இல்ல" என்றார் மெதுவாக.

மனைவியின் கையிலிருந்த துண்டு மடியில் விழுந்தது. "அப்போ உங்களால நிக்கலையா? முப்பது வருஷமா இதைச் சுமந்துக்கிட்டு ஒரு நல்லநாள்லகூட சிரிக்காம இருந்தீங்களே! அந்த மேனேஜர் வாயில…" மீதியை மகள் இருப்பதால் விழுங்கிக்கொண்டாள்.

அவர் முகத்தில் பாரம் இறங்கியதாகத் தெரியவில்லை. மீதி எல்லாவற்றையும் போடச் சொன்னார். பதினொன்றாவது வாரத்தில் அந்த ஒல்லி ஆள் ஒரு கூரையிலிருந்து குதித்தான். கேமரா கொஞ்சம் அதிகமாகக் கீழே இறங்கிவிட்டது. "நிறுத்து" என்று கத்தினார். ஓரத்தில் அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. ஒரு மூலையிலும் கீறல் இல்லை. அவன் பெட்டிகளுக்குள் புதையவில்லை. மேலே மோதி ஒருபக்கமாகத் தெறித்தான். அதற்குப் பிறகு வீரன் குதிக்கவே இல்லை. தொடரும் அத்தோடு நின்றிருந்தது.

"நான் அன்னிக்கே வாயத் திறந்திருந்தா…" என்றார். "பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இவனுக்காவது கீறியிருப்பாங்க."

"நீங்க எழுந்து உட்காரவே முடியாமக் கிடந்தீங்கப்பா" என்றாள் மகள்.

"வாய் நல்லாத்தானேம்மா இருந்துச்சு."

மறுநாள் வழக்கம்போல டிப்போவுக்குப் போனார். திரும்பி வந்ததும் ஒவ்வொரு படியாக மாடி ஏறி என் அறைக்கு வந்தார். மூச்சு வாங்கியது. "தம்பி, நீதான் எழுதுவியே. இதை எழுது. அவன் எங்க இருக்கான், எழுந்து நடக்கறானான்னு தெரியணும். அவன்கிட்டயும் 'உன்னாலதான் நின்னுச்சு'ன்னு சொல்லியிருப்பாங்கப்பா. அது பொய்யின்னு அவனுக்கு யாராச்சும் சொல்லணும்."

தொடரின் கடைசியில் ஓடும் பெயர்களில் இவர் பெயரும் இல்லை, அந்த ஒல்லி ஆளின் பெயரும் இல்லை. எனவே தேட எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னும் இரண்டு பேருக்காவது இதைச் சொல்லுங்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிற, பழைய கதை பேசாத ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால், அவருக்கு முதலில் சொல்லுங்கள்.