மறுத்த பிறகும் எடுத்தார்கள்

வலப்பக்கச் சூலகத்தில் கட்டி, அதை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டொக்டர். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் தாதியோடு என் கட்டிலருகே வந்து கேட்டார்.

"எடுக்கிற சூலகத்தில கருமுட்டை வளருற சின்னப் பைகள் இருக்கும், தங்கச்சி. ஆராய்ச்சிக்குத் தாறீங்களா? பிள்ளையில்லாத ஆக்களுக்கு உதவும்."

எனக்கும் பிள்ளை இல்லை. என் முட்டை யாரோ ஒருவரின் கண்ணாடித் தட்டில் கிடக்க மனம் ஒப்பவில்லை.

"ஏலாது டொக்டர்."

"சரி, சரி," என்று போய்விட்டார்.

தையல் பிரிக்கப் போன அன்று அவரோடு ஒரு மாணவி நின்றாள். என் வயிற்றைக் காட்டி ஆங்கிலத்தில் அவளிடம் பெருமையடித்தார்: இவளுடைய பைகள்தான் ஆய்வுகூடத்தில் இன்னும் உயிரோடு வளர்கின்றன, இவ்வளவு நல்லவை இதுவரை கிடைத்ததில்லை.

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் பிறந்தவளுக்கு ஆங்கிலம் விளங்காது என்று நினைத்தார் போலும். கப்பல் கம்பனியில் நாள் முழுக்க நான் ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதுகிறேன். சட்டையைச் சரிசெய்துகொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அழுகை வரவில்லை. இந்த மனிதன் தலைகுனிவதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று மட்டும் முடிவெடுத்தேன்.

ஆஸ்பத்திரி விசாரணைக் குழுவிடம் முறைப்பாடு செய்தேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்கே டொக்டர் கேக் பெட்டியோடு வந்துவிட்டார்.

"குப்பையில போறதைத்தானே எடுத்தனான்?"

"குப்பையெண்டா ஏன் என்னட்டக் கேட்டனீங்கள்?"

குரலைத் தணித்தார். "முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கோ. உங்களுக்குப் பிள்ளை கிடைக்கும்வரை நானே வைத்தியம் பாக்கிறன். சல்லி வேண்டாம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஆசையை நான் அறிவேன். அதையும் தாண்டித்தான் சொன்னேன்: "கேக்கைக் கொண்டு போங்கோ, டொக்டர்."

விசாரணையில் தாதி உள்ளதைச் சொன்னாள். நான் மறுத்ததை டொக்டர் தன் வாயால் சொல்லவேண்டும் என்று கேட்டேன். மேசையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"கேக்கேல்ல. சத்தமா சொல்லுங்கோ."

சொன்னார். தேன் குடித்தது போலிருந்தது.

ஆராய்ச்சியிலிருந்து அவரை நீக்கினார்கள். பைகளை அழிக்கச் சொன்னதும் நான்தான். வெளியே அந்த மாணவி கண் கலங்கி, "அக்கா, அதுகள் நல்லா வளர்ந்துகொண்டிருந்ததுகள்," என்றாள். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. நல்ல டொக்டரைக் கெடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் கதைக்கிறார்கள். கணவர் அந்தப் பேச்சை எடுப்பதேயில்லை. நான் மட்டும், டொக்டரின் குனிந்த தலையை நினைத்து இன்றும் மகிழ்கிறேன்.