பொங்கியண்ணனின் உதட்டுக் கொப்புளம்

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே நெல் பயிரிடும் பொங்கியண்ணனுக்கு, தனக்குக் காய்ச்சலே வந்ததில்லை என்பதில் ஏகப் பெருமை. உடம்பு கொதித்தால் வெயில் பட்டது என்பார்.

போன கர்க்கடக மாதத்து, அதாவது ஆடி, மழையில் காலில் மண்வெட்டி பட்ட புண்ணோடு சேற்றில் இறங்கினார். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொண்டுவந்த சுகாதார ஊழியரிடம், பயந்தவர்களுக்குக் கொடுக்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வாரமே கண் மஞ்சளாகி, மூச்சு முட்டி, பாலக்காட்டு ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் தொண்டைக்குள் குழாயோடு நினைவின்றிக் கிடந்தார்.

மருந்துக்குக் காய்ச்சல் தணிந்தது, நின்றுபோயிருந்த சிறுநீரும் பிரிந்தது. நுரையீரல் மட்டும் தெளியவில்லை. அவர் உதட்டோரம் கொப்புளங்கள் கிளம்பியிருந்ததைப் பார்த்த டாக்டர் சோனா, மனைவி ஜானகியம்மாளை அழைத்து, முன்பும் இப்படி வந்ததுண்டா என்று விசாரித்தார்.

“காய்ச்சல் வந்து போறப்பல்லாம் வருமுங்க. கேட்டா, எறும்பு கடிச்சுதும்பாருங்க,” என்றார் ஜானகியம்மாள்.

நுரையீரல் சளியைச் சோதித்தபோது அந்தக் கொப்புள வைரஸ் அங்கேயும் பெருகியிருந்தது. சிறுவயதில் ஒட்டிக்கொண்டு நரம்புக்குள் உறங்கிக் கிடந்தது, உடம்பு ஒரேயடியாகத் தளர்ந்ததும் விழித்துக்கொண்டதாம். அதற்கென்று தனி ஊசிமருந்து ஏற்றினார்கள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது, குழாயை எடுத்தார்கள்.

நினைவு திரும்பியவரிடம் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். பொங்கியண்ணன் உதட்டோரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இத்தன வருசமா உள்ளயே குடியிருந்திருக்குது. ஊட்டுக்காரனுக்குத்தான் தெரியல,” என்றார். குரல் காற்றாக வந்தது. ஜானகியம்மாள் சிரித்தார், உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிழைத்தது மருந்தாலா, தன் உடம்பின் திடத்தாலா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டுமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

“மருந்துன்னே வெச்சுக்கலாமுங்க. என்ர ஒடம்போட லட்சணத்தத்தான் பாத்தாச்சே.”

வீடு திரும்பி ஒரு மாதமாகியும் தொண்டை கட்டியே இருந்தது. வயல்காரர்களின் பாடசேகர சமிதிக் கூட்டத்தில் வாய்க்கால் தண்ணீரைப் பற்றி அவர் பேச எழுந்தால் யாராலும் உட்காரவைக்க முடியாது. இந்தமுறை இரண்டு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்து, தானே உட்கார்ந்துவிட்டார். டீ வருவதற்குள் கூட்டம் முடிந்தது. செயலாளர் ஷைஜு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“ஊருக்கு நான் செஞ்ச மொத உபகாரம்,” என்று அதையும் அவரேதான் வீட்டில் வந்து சொன்னார்.