அத்தையின் நட்டு

யாரையாவது 'நட்டு கழண்ட கேஸ்' என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்புக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: எத்தனை நம்பர் நட்டு? என் கணக்கில் அது பத்து நம்பர். துருப்பிடித்தது. ஒரு பழைய ஸ்கூட்டரின் வயிற்றுக்கு அடியில், கையும் போகாத கண்ணும் போகாத ஓர் இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. அந்தக் கோடை லீவில் ஒரு வாரம் முழுவதும் எங்கள் வீடே அதைச் சுற்றித்தான் ஓடியது.

அப்போது நாங்கள் திருநின்றவூரில், ஏரிக்குப் போகிற தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஒன்றாம் வகுப்பை முடித்திருந்தேன். ஒரு மழைச் சாயங்காலம் அத்தை ஐயப்பன்தாங்கலில் இருந்த தன் வீட்டிலிருந்து அந்த ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தன் சம்பளத்தில் அவள் வாங்கிய வண்டி. கால் வைக்கிற இடத்தில் ஒரு பை இருந்தது. அவள் காதுக்குக் கீழே நீலமாகக் கன்றிப் போயிருந்தது. ஹெல்மெட் வார் அழுத்திவிட்டது என்றாள். அந்த ஹெல்மெட்டை வாங்கி அலமாரி மேல் வைத்தது நான்தான். அதில் வாரே இல்லை, எப்போதோ அறுந்து போயிருந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பெரியவர்களின் சாமான்களில் எப்போதும் ஏதாவது ஒன்று குறைந்துதான் இருக்கும்.

சில நாள் கழித்து அப்பா சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்: "நல்லா இருந்த ஊட்ட உட்டுட்டு வந்து குந்திகினு கீறா. இவளுக்கு நட்டு கழண்டு பூடுச்சு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். அவர் கையில் எந்த நட்டு கிடைத்தாலும் வெளிச்சத்தில் பிடித்து, சுண்டுவிரல் நகத்தை உள்ளே விட்டு மரை வரிகளைத் தடவிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். சாப்பிடும்போது கொடுத்தாலும் அப்படித்தான். உறவுக்காரர்களைப் பற்றி அவர் சொன்னதில் பாதி பிறகு தப்பாகியிருக்கிறது. நட்டைப் பற்றி அவர் சொல்லித் தப்பானது கிடையாது. ஆகவே அத்தையிடமிருந்து ஒரு நட்டு கழன்று எங்கேயோ விழுந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கே விழுந்தது என்பதுதான் தெரியவில்லை.

அத்தையின் பையில் தேடினேன். பாய்க்கு அடியில் தேடினேன். அவள் தூங்கும்போது காதுக்குப் பின்னால் ஏதாவது ஓட்டை தெரிகிறதா என்றுகூடப் பார்த்தேன். அந்த நீலக் கன்றல் அப்போது மஞ்சளாக மாறியிருந்தது. ஓட்டை ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு மதியம் அத்தையே தேட ஆரம்பித்தாள். வீட்டு முன்னால் முருங்கை மரத்தடியில் சாக்கை விரித்து, அம்மாவின் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்கு அடியில் தலையை விட்டுப் படுத்துவிட்டாள். 'இன்னா அத்தை தேடுற?' என்று கேட்டேன். "ஒரு நட்டுடி பாப்பா. கழட்டியே ஆவணும்" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. விஷயம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வரும்போது எங்கேயோ குலுக்கலில் அவளிடமிருந்து கழன்றது வண்டிக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

உண்மையில் நடந்தது வேறு. நசரத்பேட்டையில் ஒரு கம்பெனியில் அத்தைக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ் மாறி மாறிப் போனால் காலை ஷிப்டைப் பிடிக்க முடியாது, வண்டிதான் ஒரே வழி. வண்டிக்கோ பின் பிரேக் சுத்தமாகப் பிடிக்கவில்லை. லாரிகள் ஓடுகிற அந்த ரோட்டில் முன் பிரேக்கை மட்டும் நம்பிப் போனால் திரும்பி வர மாட்டாள். பிரேக் ஷூவை மாற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்றச் சைலன்சரைக் கழற்ற வேண்டும். சைலன்சர் என்ஜினோடு சேருகிற இடத்தில் இரண்டு நட்டு. ஒன்று சுலபமாக வந்துவிட்டது. இன்னொன்று மேலே, இரும்புச் சட்டத்தின் மறைவில், வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

அப்பா நினைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. அவருடைய டூல்ஸ் பெட்டியில் நீளமான டி ஸ்பேனர் இருந்தது. பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிடுவார். தெருமுனை மெக்கானிக்கும் அவருக்குச் சிநேகிதர். "அண்ணாத்தே ஒரு வார்த்த சொல்லட்டும்க்கா, செஞ்சிடலாம்" என்று அத்தையை நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தங்கை புருஷனை விட்டு வந்துவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அவருடைய பெரியப்பாவும் சமாதானம் பேசி அத்தையைக் கூட்டிக்கொண்டு போக வருவதாக ஏற்பாடு. அதுவரை வண்டி நகரக் கூடாது, அவ்வளவுதான் அப்பாவின் திட்டம்.

ஆக, அந்த வாரம் முழுக்க அத்தையிடம் இருந்தது ஒரு ரிங் ஸ்பேனரும் ஒரு கண்ணாடியும்தான். கண்ணாடி என்பது அம்மா பொட்டு வைத்துக்கொள்கிற வட்டக் கண்ணாடி. அதைப் பிடித்துக்கொள்வது என் வேலை. வண்டிக்கு இந்தப் பக்கம் நான் மல்லாந்து படுப்பேன், அந்தப் பக்கம் அத்தை. கண்ணாடியைச் சாய்த்தால் அந்த நட்டு தெரியும். துருவேறிப்போய், பார்ப்பதற்கு ஒரு சுண்டைக்காய் வற்றல்போல இருக்கும். அத்தை கண்ணாடியைப் பார்த்தபடி கையை உள்ளே விட்டு, ஸ்பேனரை மாட்டி, ஒரு நூல் அளவுக்குத் திருப்புவாள். மறுபடி எடுத்து மாட்டுவாள். மறுபடி ஒரு நூல்.

அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருகிறது, நல்ல தூக்கம். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்த்தால் நட்டுக்குப் பக்கத்திலேயே முருங்கை மரம் வந்துவிடும். அதற்கு மேல் வெள்ளை வானம். ஏரிக்குப் போகிற கொக்குகள் என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் பறந்துபோகும். முருங்கைப் பூ உதிர்ந்தால் அது கண்ணாடிக்குள் கீழிருந்து மேலே ஏறும், பிறகு என் நெற்றியில் வந்து விழும். தூரத்தில் ரயில் போனால் காதுக்கு அடியில் தரை லேசாக உறுமும். வண்டிதான் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் கண்ணை மூடுவேன். அரைத் தூக்கத்தில், அத்தையின் நட்டு தானாகக் கழன்று, ஏரித் தண்ணீரில் மெதுவாக இறங்கிப் போகும். மீன்கள் ஒதுங்கி வழிவிடும்.

"கண்ணாடிய நேரா புடிடி" என்று அத்தை எழுப்புவாள்.

அப்படி ஒரு தடவை எழுந்தபோது, கண்ணாடி திரும்பி அத்தையின் முகம் அதில் விழுந்தது. வியர்த்து, கன்னத்தில் கிரீஸ் அப்பி, அழகாக இருந்தாள். ஆனால் ஏதோ சரியில்லை. நான் கண்ணாடியைப் பார்த்தேன், அத்தையைப் பார்த்தேன், மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன்.

"அத்தை, உன் மூக்குத்தி அந்தாண்ட மூக்குக்குப் போயிடுச்சு."

"கண்ணாடில அப்டித்தான் தெரியும். எல்லாம் இடம் வலம் மாறித் தெரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். ஸ்பேனரைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். காற்றில் ஸ்பேனரை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு சாக்கின் மேல் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி, இத்தினி நாளா கழட்டறேன் கழட்டறேன்னு இறுக்கிகினு இருந்திருக்கேன்டி!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சத்தம் கேட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா உள்ளே போய், ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்யை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து சாக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு கண்ணாடியை நம்பவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்தே வேலை செய்தாள். துணியை மண்ணெண்ணெய்யில் நனைத்து நட்டின் மேல் சுற்றிவிடுவாள், காய்ந்தால் மறுபடி நனைப்பாள். சனிக்கிழமை முடிந்தும் அது அசையவில்லை. அத்தனை நாள் இறுக்கிய இறுக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவும் பெரியப்பாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையில் பழமும் பூவும். அத்தை வண்டிக்கு அடியில் இருந்து வெளியே வரவில்லை. மாமா அந்த இரண்டு கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனார். ஃபேனுக்கு அடியில் அப்பா அவர்களை உட்காரவைத்தார். ஜன்னல் வழியாகப் பெரியப்பாவின் குரல் எங்களுக்குக் கேட்டது.

"நடந்தது நடந்துபோச்சு. ஊட்டுக்கு ஊடு இருக்கறதுதான். இன்னிக்கே அனுப்பிடுப்பா. இனிமே ஒண்ணும் ஆவாது, நான் கீறேன் இல்ல?"

"அனுப்பிடறேங்க" என்றார் அப்பா.

அத்தையின் கை அப்படியே நின்றது. பிறகு காலை மரத்தில் உதைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தாள். 'க்ரீச்' என்று ஒரு சத்தம், எனக்குப் பல் கூசியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, கடைசியில் அந்த நட்டு சாக்கின் மேல் வந்து விழுந்தது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

"அப்பா! அத்தையோட நட்டு கெடச்சிடுச்சு! வண்டிக்குள்ளதான் இருந்துச்சு! இனிமே அத்தைக்கு சரியாப் பூடும்!"

மாமா பொங்கி வந்த சிரிப்பை அடக்கினார். அப்பாவின் முகம் சிவந்தது. திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் அவர் உள்ளங்கையில் நட்டை வைத்துவிட்டேன், கைக்கு நட்டு வந்துவிட்டால் அப்பாவால் சும்மா இருக்க முடியாது. வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சுண்டுவிரல் நகத்தை உள்ளே விட்டுச் சுற்றினார். மறுபடி சுற்றினார்.

"மரை போயிடுச்சு" என்றார். "ரொம்ப இறுக்கி உட்டிருக்காங்க. இத்த மறுபடியும் அதே எடத்துல போட்டு முறுக்கக் கூடாது. புடிக்காது. நடுரோட்ல உட்டுடும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அத்தை வாசலில் வந்து நின்றிருந்தாள். இரண்டு கைகளிலும் கிரீஸ், முழங்கையில் ரத்தம், காதுக்குக் கீழே மறையத் தொடங்கியிருந்த மஞ்சள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் அவர் அவளைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"இன்னாப்பா சொல்ற?" என்றார் பெரியப்பா.

"நட்டத்தான் சொல்றேங்க" என்றார் அப்பா.

எழுந்தார். சட்டைப் பாக்கெட்டில் இருந்து சாவியை எடுத்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்துத் திறந்தார். டி ஸ்பேனரையும், காகிதத்தில் சுற்றியிருந்த ஒரு புது நட்டையும் எடுத்துக்கொண்டு, வந்தவர்களைத் தாண்டி, அத்தையைத் தாண்டி, வெளியே போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். "பிரேக் ஷூ எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். அத்தை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மாமாவும் பெரியப்பாவும் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். கொண்டுவந்த பூவை அவர்கள் மறந்துவிட்டுப் போனார்கள். அம்மா அதை எடுத்துச் சாமிக்கும் போடவில்லை, தலையிலும் வைத்துக்கொள்ளவில்லை. முருங்கை மரத்தடியில் போட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் அத்தை கிளம்பினாள். புது வார் தைத்த ஹெல்மெட். அப்பா வண்டியைத் தெருவரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார். தெருமுனையில் அவள் பிரேக் பிடித்தாள். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நின்றது, பிறகு திரும்பி மறைந்தது. அப்பா மூச்சு விட்டார்.

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை சாயங்காலம் வந்துவிடுவாள் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா தூக்கி வைத்துக்கொண்டார். என் அழுகை எதற்கு என்று அவர்களுக்குப் புரியவே இல்லை. பழைய நட்டு இனி உதவாது என்று அப்பாவே சொல்லிவிட்டார். புது நட்டையும் வண்டிக்குப் போட்டுவிட்டார்கள். அத்தைக்கு மட்டும் யாருமே ஒன்றும் போட்டுவிடாமல், அப்படியே அனுப்பிவிட்டார்களே.