பீரோ கதவில் என் விபூதிப் பட்டை

சூளகிரிக்குப் பக்கத்தில் மூன்று ஷெட், கரண்டுக் கம்பமே இல்லாத பாறை நிலத்துக்கு இழுத்து வந்த லைன், ஐம்பது குடும்பத்துக்கு வேலை, மகள் டாக்டர், மகன் இன்ஜினியர், எல்லாம் இந்த முனிராஜ் செய்தது. படித்தது ஐந்தாவது. சானமாவுக் காட்டு வழியாக ஓசூருக்குச் சைக்கிளில் வேலைக்குப் போன நாளில் யானை எதிரே வந்து நின்றபோதுகூட நான் சாமியைக் கூப்பிடவில்லை, சைக்கிளைத் திருப்பினேன், அவ்வளவுதான். பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இப்போது நானே சொல்லப்போகிறேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்களுடையது பவுடர் கோட்டிங். இரும்புச் சாமானுக்குப் பெயிண்டைப் பவுடராக அடித்து, ஓவனில் தொங்கவிட்டுச் சுட்டு எடுப்போம். ஓவன் என்றால் கேக் சுடுகிற பெட்டி இல்லை, ஆள் நிமிர்ந்து நடக்கிற அறை, தடித்த இரும்புக் கதவு, வெளியே தாழ்ப்பாள். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, பூஜை முடிந்ததும் ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். கடைசியாக ஓவன். நான் கையைத் தூக்கினால்தான் அதைப் போடுவார்கள்.

அன்றைக்கும் ஓவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, மாலை மாட்டி, விபூதியைக் குழைத்து என் கையாலேயே பட்டை போட்டேன். என் நடுவிரல் பாதிதான். இளவயதில் பிரஸ் மெஷின் தின்றது. அதனால் நான் எங்கே பட்டை போட்டாலும் நடுக்கோடு குட்டையாக விழும். “இது போதும் மொதலாளி, உங்களுக்குக் கையெழுத்தே தேவையில்ல” என்று ஓவன் போடுகிற பஷீர் பாய் எப்போதும் கிண்டல் செய்வார்.

அதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. எனக்கு அதெல்லாம் கிடையாது, வேலை செய்கிறவர்கள் மனசுக்காக ஓவனை நிறுத்திவைத்தோம். நேரம் போக வேண்டுமே, மருமகள் கவிதா ஷட்டரை இறக்கிவிட்டு, வெள்ளைத் துணியைக் கட்டிப் பழைய படம் ஒன்று போட்டாள்.

“மாமா, பொறந்ததுல இருந்து ஒரு படமாச்சும் முழுசா பாத்திருக்கீங்களா?”

“படம் பாக்கறவன் ஷெட்டு கட்ட மாட்டாம்மா.”

“அதான் கட்டியாச்சே, உக்காருங்க.”

“பாருங்க மொதலாளி, இந்த வயசுலயாச்சும் லவ்வுன்னா என்னன்னு தெரிஞ்சிக்கங்க” என்றார் பஷீர். எல்லாரும் சிரித்தார்கள்.

கருப்பு வெள்ளைக் காதல் படம், ஆரம்பம் முதலே சிரிப்பு. கடிகாரம் ரிப்பேர் செய்ய வந்தவன் என்று பொய் சொல்லிக்கொண்டு ஒருவன் காதலி வீட்டுக்குள் நுழைகிறான். அவள் அப்பன் எதற்கெடுத்தாலும் கத்துகிறான். எனக்கு அவனைத்தான் பிடித்தது. பொய் சொல்வானேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். நடுவில் கவிதா மட்டும் மூன்று நான்கு தடவை போனைப் பார்த்தாள்.

“மாமா, அவரு எங்க? போனே போவ மாட்டேங்குது.”

அவர் என்றால் என் மகன் மாதேஷ். “வண்டியக் காணோமே, ஸ்வீட்டு வாங்க ஓசூர் போயிருப்பான், நீ படத்தப் பாரு” என்றேன்.

படத்தில் அப்பன் வருகிற சத்தம் கேட்டு, அந்தப் பெண் காதலனைப் பீரோவுக்குள் தள்ளுகிறாள். அப்பன் வந்து பீரோ கதவை அறைந்து சாத்துகிறான். ஷெட்டே சிரிப்பில் அதிர்கிறது. அந்த நேரம் பார்த்து பஷீர் சுவிட்சுப் பக்கத்திலிருந்து கத்தினார், “மொதலாளி, ராகு காலம் முடிஞ்சிருச்சு, கையத் தூக்குங்க!”

சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன். பாதி தூக்கியிருப்பேன். துணியில் பீரோ கதவு பெரிதாகத் தெரிந்தது. பளபளவென்று மரக் கதவு. அதில் மூன்று விபூதிக் கோடு. நடுக்கோடு குட்டை.

கை அப்படியே நின்றது. அது என் பட்டை. என் பட்டை போட்ட கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான்.

“போடாத! பாய், போடாத!”

நான் எப்படி ஓடினேன், மாலையை எப்படிப் பிய்த்தேன், தெரியாது. தாழ்ப்பாளைத் திறந்தால் உள்ளே அட்டைப் பெட்டியை விரித்து, துடைக்கிற துணி கையிலிருக்க, தூங்கிக்கொண்டிருக்கிறான் மாதேஷ். ராத்திரியெல்லாம் மெஷின் கழுவிய அசதி. கடைசி மூலையைத் துடைக்கப் போனவன் அப்படியே சாய்ந்திருக்கிறான். கதவைச் சாத்தியபோது நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வண்டியை வேறொருவன் எடுத்துப் போயிருந்தான். அந்த இரும்பு அறைக்குள் போனில் சிக்னலும் கிடைக்காது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான், “என்னப்பா, பூஜை ஆரம்பிச்சாச்சா?”

கவிதா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஷீர் சுவிட்சிலிருந்து எடுத்த கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் மகள் சொல்கிறாள், “அண்ணன் உள்ள போறத ஓரக்கண்ணால பாத்திருப்பீங்கப்பா, அதான் மனசு சொல்லியிருக்கு.” சரி, இருக்கட்டும். அப்படியானால் அந்தப் பட்டை என் மனசில்தானே இருக்க வேண்டும்? அன்றைக்கே படத்தைத் திருப்பிப் போட்டோம். இருக்கிறது. எல்லாரும் பார்த்தார்கள். மகளும் அவள் வீட்டில், அவள் போனில் பார்த்தாள், அதிலும் இருக்கிறது. பழைய பிலிமில் கீறல் விழுந்திருக்கும் என்றாள். பூஜையில் எடுத்த ஓவன் கதவுப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அந்தப் படம் எடுத்தபோது நான் பிறக்கவே இல்லை, ஐயா. விரல் போனது அதற்கும் எத்தனையோ வருஷம் கழித்து.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பன்காரன் கதவை அறையும்போது உற்றுப் பாருங்கள், பட்டை மேலே ஈரமாக மினுங்கும், கீழே கொஞ்சம் வழியும். அப்போதுதான் பூசிய விபூதி. இதை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஷெட்டில் யாராவது சத்தமாகச் சிரித்தால் இன்றைக்கும் என் கை பாதியில் நிற்கிறது.

அம்மன் காப்பாற்றினாள் என்று மாதேஷ் ஊரெல்லாம் சொல்கிறான். படம் போட்டது நான்தானே என்கிறாள் கவிதா. சொல்லட்டும். ஆனால் அந்தப் படத்து ஆரம்பத்தில் கோட்டு தைத்தவன் பேர் இருக்கிறது, மேக்கப் போட்டவன் பேர் இருக்கிறது. பீரோ கதவில் பூசியது என் கை. எப்போது போனேன், எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது, தெரியவும் வேண்டாம். நீங்கள் இதை யாருக்குச் சொன்னாலும் சூளகிரி முனிராஜ் என்று என் பேரைப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.